என் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி

எங்கள் அசாபா ஊருக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் என் வீடு தெரியும். பொல்லாத மாமியார் வேண்டுமா, மருமகள் குழம்பில் எதையோ கலக்கும் கிழவி வேண்டுமா, சொத்துக்காகத் தங்கை மகனைக் கிணற்றில் தள்ளும் பெரியம்மா வேண்டுமா, உசோமாவைக் கூப்பிடு என்பார்கள். காலமெல்லாம் இதுதான் என் பிழைப்பு. சந்தையில் மரவள்ளிக் கர்ரி மாவு அளக்கிறவள்கூட என் முகத்தைப் பார்க்காமல்தான் அளப்பாள். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருத்தி, "அந்தப் பொண்ண ஏன்டி அப்படிப் படுத்தின?" என்று கேட்டு ஒரு தக்காளியை என் மேல் எறிந்தாள். எனக்கு அப்போது மருமகளே கிடையாது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அதனால் டைரக்டர் கோசி என் வீட்டுக்கு வந்தபோது, இன்னொரு விஷக் கிண்ணம் வருகிறது என்றுதான் நினைத்தேன். ஜோஸ் நகரத்தில் சினிமா படித்துவிட்டு வந்த பையன். ஒல்லி. தாடியென்று நாலு முடி. பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

"பேய்ப்படம்தான் ஆன்ட்டி. ஆனா பேய் கிடையாது. மூஞ்சில வெள்ளைப் பவுடர் கிடையாது, புகை கிடையாது."

"அப்புறம் ஜனங்க எதைப் பாத்துப் பயப்படுவாங்க, உன் தாடியையா?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்க மனசுக்குள்ள இருக்கறதப் பாத்து" என்றான்.

கதை இதுதான். மழைக்கு ஒதுங்க ஒரு பழைய பங்களாவுக்குள் சிலர் நுழைகிறார்கள். ஆளுக்கு ஒரு கதவு. திறந்தால் அவரவருக்கு உலகத்திலேயே எது மிகப் பெரிய பயமோ அது உள்ளே இருக்கும். இதில் கோசியின் கிறுக்குத்தனம் என்னவென்றால், பயங்களை அவன் எழுதவில்லை. நடிகர்களிடமே தனித்தனியாகக் கேட்டுக்கொண்டான். கதவுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்கும் சொல்லாமல் கேமராவை ஓடவிட்டான்.

முதல் நாள் ஒபியோரா அண்ணன். எல்லாப் படத்திலும் ராஜா வேஷம் கட்டுகிற மனிதர், ஆளும் அப்படித்தான், தூண் மாதிரி. அவர் கதவைத் திறந்தார். உள்ளே நாங்கள் எல்லோரும், லைட் பிடிக்கிறவன் முதல் சமையல்காரி வரை, கூடி உட்கார்ந்து மெதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவரைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டும் என்று உத்தரவு. நிறுத்தினோம். அவ்வளவுதான். தன் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் பயமாம். அந்தப் பெரிய உடம்பு அந்த வாசலிலேயே நின்றது. உதடு துடித்தது. கோசி கட் சொல்லவே இல்லை. 

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்து, "உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி பயம்?" என்று கேட்டான்.

"பல்லி" என்றேன்.

பாவம், நம்பிவிட்டான். மறுநாள் நான் கதவைத் திறந்தால் அறை முழுக்கச் செந்தலைப் பல்லிகள். எங்கிருந்து பிடித்துவந்தார்களோ. நான் பிறந்த நாளிலிருந்து அதுகளோடுதான் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் என் தொழிலுக்குத் துரோகம் செய்யாமல் அலறினேன், மயங்கி விழுந்தேன், காலை உதறினேன். கோசி கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"நடிக்கிறீங்க ஆன்ட்டி."

"அதுக்குத்தானே கூப்பிட்ட?"

உண்மையான பயத்தை அவனிடம் எப்படிச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

எனக்கு ஒரே மகன், டோபென்னா. அவன் அப்பா இறந்தபின் நான் விஷம் கலந்து கலந்து படிக்கவைத்த பிள்ளை. ஜோகன்னஸ்பர்க் போனான். முதலில் வாரம் ஒரு போன். பிறகு மாதம் ஒன்று. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. ஆறு வருடமாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்து, ஐயோ, பிள்ளை உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று உச்சுக்கொட்டுவார்கள். நானும் தலையை ஆட்டுவேன். ஆனால் எனக்குத் தெரியும். துணி வியாபாரத்துக்கு அங்கே போய்வந்த ஒருத்தி அவனைப் பார்த்திருக்கிறாள். ஒரு செல்போன் கடையில் நின்றானாம். கொஞ்சம் சதை போட்டிருந்தானாம். யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தானாம்.

அவன் செத்துவிட்டானோ என்பது என் பயமாக இருந்திருந்தால் அதைச் சொல்லி அழுதிருக்கலாம், நாலு பேர் கூட அழுதிருப்பார்கள். என் பயம் அந்தச் சிரிப்பு. நான் இல்லாமலே அவனுக்கு நன்றாக இருக்கிறது, நான் செத்தால்கூட அவன் வரமாட்டான். இதுதான். பள்ளிக்கூடத்தில் "சூனியக்காரி மகன்" என்று அவனைக் கிண்டல் செய்வார்கள். படத்தில் பார்த்ததை அவனும் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பிவிட்டானோ என்று படுக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

எங்கள் பக்கத்தில் தாய் செத்தால் குழியில் முதல் மண்ணை மூத்த மகன்தான் போட வேண்டும். அவன் எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும் சரி, வரும்வரை உடம்பு பிணக்கிடங்கில் காத்திருக்கும். வாரக்கணக்கில் காத்திருக்கும், மாதக்கணக்கிலும் காத்திருக்கும். மற்றவர்கள் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். வராத மகனைப் பற்றி அவன் பேரன் காலம்வரை பேசுவார்கள்.

பல்லி உதவாமல் போனதால் கோசி எனக்கு வேறு வேலை வைத்தான். தாயின் அடக்கத்துக்குப் பிந்தி வந்துவிடுவோமோ என்பது இன்னொரு நடிகனின் பயம். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சவப்பெட்டி. அதில் நான். வசனம் கிடையாது. மூச்சும் விடக் கூடாது.

அதற்கு முன்னோட்டமாக, பங்களா வாசலில் அந்தத் தாயின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி தெரிய வேண்டும். எங்கள் ஊரில் யார் செத்தாலும் சுவரெல்லாம் அவர் முகம்தான். கேட், கரண்ட் கம்பம், பஸ் நிற்கும் இடம், ஒன்று விடமாட்டார்கள். படத்துக்கென்று அடிக்கும்போது பெயரைப் பொய்யாகப் போடுவோம், ஷாட் முடிந்த கையோடு கிழித்துவிடுவோம். இது எழுதாத சட்டம். செட் வேலை பார்க்கும் போனிஃபஸ் என் போட்டோவைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு பெயர் கேட்க வந்தான்.

"எழுதிக்கோ" என்றேன். "அக்னெஸ் உசோமா அனிச்செபே."

அவன் பேனாவை நிறுத்தினான். "அது உங்க சொந்தப் பேராச்சே ஆன்ட்டி."

"டைரக்டர் மாத்திட்டாரு. கீழ போடு: அன்பு மகன் டோபென்னா, ஜோகன்னஸ்பர்க்."

"சொந்தப் பேரை எழுதி ஒட்டினா சாவு வந்து நின்னு படிக்கும்னு எங்கம்மா சொல்லும்."

"வந்தா நாற்காலி போடு. எழுதுடா."

டைரக்டர் எதையும் மாற்றவில்லை. வாய் தவறிச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் சொன்னேன். அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. போகிற வரைக்கும் போகட்டும் என்று இருந்தது.

போனிஃபஸ் கைநிறைய அடித்து வந்து தெரு முழுக்க ஒட்டினான். முதல் ஷாட் முடிவதற்குள் ஜெனரேட்டர் புகைந்து நின்றுவிட்டது. எல்லோரும் மூட்டை கட்டினார்கள். ஜெனரேட்டரைத் திட்டும் மும்முரத்தில் சுவரொட்டிகளை யாரும் கிழிக்கவில்லை. எனக்கு நினைவிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

யாரோ ஒரு ஆட்டோக்காரன் போட்டோ எடுத்திருக்கிறான். நான் முகம் கழுவி வருவதற்குள் அசாபாவுக்கே நான் செத்த செய்தி தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டு ஃபிலோ போன் செய்தாள்.

"டோபே அம்மா, நீ உயிரோடதான் இருக்கியா?"

"இல்ல, கல்லறையிலேருந்து பேசறேன். இங்க சிக்னல் நல்லா இருக்கு."

"சண்டாளி. நான் ரெண்டு படி அழுதுட்டேன்."

"அழுத வரைக்கும் புண்ணியம். இன்னும் கொஞ்சம் அழு. யாரு வந்து கேட்டாலும் நான் போயிட்டதாச் சொல்லு."

"பொய்யா எப்படி அழறது?"

"உங்க மாமியார நினைச்சுக்க."

"அப்ப சிரிப்பில்ல வரும்" என்றாள் ஃபிலோ. ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருக்கிறாள், சில விஷயங்களைக் கேட்கத் தேவையில்லை.

கோசி முகம் வெளுத்துப்போய் ஓடிவந்தான். "ஆன்ட்டி, உடனே ஒரு வீடியோ எடுத்துப் போட்டுடலாம். 'நான் நல்லா இருக்கேன், அது சினிமா போஸ்டர்'னு ஒரே வரி."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? சர்ச்ல மணி அடிச்சுட்டாங்க. அன்னையர் சங்கம் கறுப்புத் துணி எடுக்கப் போயிடுச்சு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் செத்தவளாவே இருக்கேன். நீ வீடியோ போட்டா உன் பெட்டியில நான் படுக்க மாட்டேன். வேற பொணத்தைப் பாத்துக்க."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அந்தப் போஸ்டர்ல இருக்கற மகன் நிஜமா?"

"நிஜம்."

"பல்லின்னு சொன்னீங்களே."

"நீ கேட்டது பயம். அது வெளிய வந்து நிக்கட்டும். நான் மூஞ்சியப் பாக்கறேன்."

அவன் போய் எனக்கொரு பாய் கொண்டுவந்தான். அன்றிலிருந்து நான் பங்களாவிலேயே தங்கினேன். போன் என் மடியில். அந்த எண்ணை நான் மாற்றியதே இல்லை, டோபென்னாவுக்குத் தெரிந்த ஒரே எண் அதுதான். மணி அடிக்கும், கோசி எடுப்பான், சங்கத்துப் பெண் ஒருத்தி ஒப்பாரி வைப்பாள், "இப்ப பேச முடியாதும்மா" என்று வைப்பான். ஒவ்வொரு முறையும் நான் எண்ணைத்தான் பார்ப்பேன். எல்லாம் உள்ளூர் எண்கள்.

மறுநாள் முழுக்க எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்தி அசாபாவுக்குள்தானே சுற்றுகிறது, அவ்வளவு தூரம் எப்படிப் போகும், தெரியாதவன் எப்படிக் கூப்பிடுவான். அது மெத்தென்ற சமாதானம். அதன் மேல் தலைவைத்துக் கொஞ்சம் தூங்கக்கூடத் தூங்கினேன். அதைக் கெடுக்க அடுத்த நாள் காலையில் வந்து சேர்ந்தார் என் கொழுந்தனார் ஒன்யேமா.

என் கணவருடைய ஊர் பெரிய ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பங்காளிகள் கூடிப் பேசி, அண்ணி எந்தப் பிணக்கிடங்கில் இருக்கிறாள் என்று விசாரிக்க அவரை அனுப்பியிருக்கிறார்கள். ஃபிலோ அழுதுகொண்டே எதையோ உளறியிருக்கிறாள். அவர் நேராகப் பங்களாவுக்கு வந்துவிட்டார். நான் அப்போது வாழையிலையைப் பிரித்து ஒக்பாக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய் கேமரா ஸ்டாண்டில் முட்டிக்கொண்டார்.

"உக்காருங்க. பேய் கொழுக்கட்டை தின்னு பாத்திருக்கீங்களா?"

பயம் போனதும் கோபம் வந்தது. "என்ன அண்ணி விளையாட்டு இது? பந்தலுக்குச் சொல்லியாச்சு. பசு பாத்தாச்சு. குழி வெட்ட நாலு வாலிபப் பசங்கள நிறுத்தி வச்சிருக்கேன்."

"குழி எங்கேயும் ஓடாது. அப்புறமா ஆகும்."

"சிரிக்கறீங்க. ஜோகன்னஸ்பர்க்ல இருக்கற நம்ம ஊர்ச் சங்கத்துக்கே போஸ்டர அனுப்பிட்டேன். நேத்தே அனுப்பிட்டேன். அங்க இருக்கற நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் பாக்கி இல்ல, எல்லாம் அந்த வாட்ஸாப் குழுவுல இருக்கான். செயலாளரே போன் பண்ணி, டோபேகிட்ட நேர்லயே காட்டிட்டோம்னு சொன்னான்."

கொழுக்கட்டை என் கையிலேயே இருந்தது.

"நேத்தா?"

"நேத்து காலையில."

நேற்று காலையில். அவன் பார்த்துவிட்டான். என் முகத்தை, என் பெயரை, கீழே தன் பெயரையும் பார்த்துவிட்டான். ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டன. போன் என் மடியில்தான் கிடந்தது.

கொழுந்தனார் இன்னும் என்னவெல்லாமோ பேசினார். கோசி அவரை வெளியே அழைத்துப்போய்ச் சமாதானம் செய்து அனுப்பினான். நான் அந்தப் பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எத்தனை பேய்ப்படங்களில் நடித்திருக்கிறேன், எத்தனை முறை தொண்டை கிழிய அலறியிருக்கிறேன். நிஜமான பயத்துக்குச் சத்தமே கிடையாது. அது வந்து பக்கத்தில் உட்காருகிறது, அவ்வளவுதான். கோசி சொன்னது சரி. பவுடர் தேவையில்லை.

அவன் திரும்பி வந்து, "வீடியோ போட்டுடலாமா ஆன்ட்டி?" என்றான். இந்த முறை படத்துக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்னு சொன்னேன்."

ஞாயிறு வந்தது. சர்ச்சில் எனக்காகப் பூசை நடந்ததாக ஃபிலோ செய்தி அனுப்பினாள். பாதிரியார் என்னைப் புகழ்ந்து அரைமணி பேசினாராம், எனக்குக் காது கூசியிருக்கும் என்றாள். மதியம் ஆயிற்று. கோசி சோறு கொண்டுவந்தான், தின்னவில்லை. கேமரா மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அவன் நினைத்திருந்தால் என் முகத்தை அன்று எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதற்காக அவனுக்கு ஆயுசு நூறு.

வெயில் சாயும்போது போன் அடித்தது. நீளமான எண். வெளிநாடு.

கோசி என்னைப் பார்த்தான். என் கை தானாக நீண்டது. உடனே இழுத்துக்கொண்டேன். நான் செத்தவள். செத்தவள் தன் போனை எப்படி எடுப்பாள்? "நீ எடு" என்று சைகை காட்டினேன். அவன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ."

முதலில் மூச்சுச் சத்தம்தான். பிறகு, "இது எங்கம்மா போன்தானே? யாரு பேசறது?"

குரல் தடித்திருந்தது. ஆனால் "எங்கம்மா" என்ற அந்த ஒரு சொல் மாறவே இல்லை. நான் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

"நான் அவங்ககூட வேலை பாக்கறவன்" என்றான் கோசி. அவன் குரலும் சரியில்லை.

"நான் டோபென்னா. மகன்." நிறுத்தினான். "போஸ்டரப் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன் அண்ணே. போனைக் கையில வச்சுக்கிட்டே இருக்கேன். அடிச்சா யாராவது எடுத்து ஆமான்னு சொல்லிருவீங்க. அடிக்காம இருந்தா அம்மா சந்தைக்குப் போயிருக்குன்னு நினைச்சுக்கலாம்ல."

கோசி போனை என் பக்கம் நகர்த்தினான். நான் திருப்பித் தள்ளினேன்.

"கஷ்டப்பட்டுச்சா?"

"இல்ல" என்றான் கோசி.

"பெட்டிய மூடிராதீங்க. நான் வர்றேன். கடையில சொல்லிட்டேன். எங்கிட்ட இங்க சரியான பேப்பர் கிடையாது, வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க. போகட்டும். சித்தப்பாகிட்ட சொல்லுங்க, முதல் மண்ணு நான்தான் போடணும். நான் வர்றதுக்குள்ள எவனும் கை வைக்கக் கூடாது. சொல்லிருங்க அண்ணே." அதற்கு மேல் பேச்சு வராமல் அழ ஆரம்பித்தான்.

வருகிறான். என் பிள்ளை வருகிறான். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். கொஞ்ச நாள் செத்துக் கிடந்தால் போதும். லாகோஸில் இறங்குவான், பஸ் பிடிப்பான், என் தெருமுனையில் திரும்புவான், நான் கதவைத் திறப்பேன். திட்டட்டும், கையை ஓங்கக்கூட ஓங்கட்டும், ஆனால் அந்தக் கை எனக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அந்த முகத்தை நான் இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்ப்பேன். எனக்கு அது வேண்டும். உலகத்தில் வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கிளிசரின் அழுகை தெரியும், வெங்காய அழுகை தெரியும், சொத்துக்கான அழுகையும் தெரியும். இவன் சின்ன வயதிலேயே அழுதால் மூச்சு அடைத்துக்கொள்வான். நீலம் பாரித்துவிடும். முதுகில் தட்டினால்தான் திரும்ப வரும். இப்போது அந்தப் பக்கம் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. அடைத்துக்கொண்டது. தட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? அதற்குமேல் என்னால் செத்தவளாக இருக்க முடியவில்லை.

"டோபே" என்றேன். "மூச்ச விடு."

மறுமுனையில் ஒன்றுமில்லை.

"நான்தான்டா. அம்மா. சாகலடா. சினிமாவுக்கு ஒட்டின போஸ்டர்டா அது. மூச்ச விடு முதல்ல."

நெடுநேரம் கழித்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு ஆறு வருடத்தில் என் மகன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை வந்தது. "அறிவிருக்காம்மா உனக்கு?"

"இல்லடா" என்றேன். "கொஞ்சம்கூட இல்ல."

"நான் தலைய மழிச்சுட்டேன்மா."

"வளரும்டா."

"போஸ்டர்ல சொந்தப் பேரையா போடுவாங்க? யாரு அந்த மடையன்?"

"நான்தான்."

 புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். கோசி எழுந்து ஜன்னலோரம் போய் வெளியே பார்த்து நின்றான்.

"அடுத்த மாசம் கூப்பிடலாம், கையில ஏதாவது சேரட்டும், அப்ப கூப்பிடலாம்னு இருந்தேம்மா. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு போச்சு. அப்புறம் கூப்பிட வெக்கமாப் போச்சு. இத்தன நாள் கழிச்சு என்னன்னு ஆரம்பிக்கறது?"

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சினிமாவுல வர்ற மாதிரி நான் பொல்லாதவன்னு நினைச்சியாடா?"

"என்னம்மா நீ. உன் படம் ஒண்ணு விடாம போன்ல பாக்கறேன். நீ அந்த மருமகளப் போட்டுக் கத்தறப்ப எல்லாம் வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது, கிளிசரின் இல்லாமல். ஆறு வருடம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோன மாதிரி இருந்தது. அப்போதுதான் அவன் கேட்டான்.

"அப்ப நான் வர வேண்டாம்லம்மா?"

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு, நடிப்பில் என்னைக் கொண்டு பிறக்கவில்லை.

"நீ போயிட்டன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருப்பேம்மா. சத்தியமா. ஆனா இப்ப வந்தா திரும்பி இங்க வர முடியாது. இங்க ஒரு பொண்ணு இருக்கா. லெராட்டோன்னு பேரு. மாசமா இருக்கா. அவகிட்டகூடச் சொல்லிட்டேன், அம்மாவ அடக்கம் பண்ணணும், போயே ஆகணும்னு. அவளும் சரின்னுட்டா."

கண் எதிரே என் தெருமுனை தெரிந்தது. யாரும் திரும்பவில்லை.

எத்தனை டைரக்டர்கள் எத்தனை விதமான வசனம் கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள். இதை யாரும் கொடுக்கவில்லை. "எதுக்குடா வரணும்?" என்றேன். "நான் கல்லு மாதிரி இருக்கேன். அவளப் பாரு. ராத்திரியில தனியா விடாத. நல்லாச் சாப்பிடச் சொல்லு."

"சரிம்மா."

"முடி வளர்ற வரைக்கும் தொப்பி போட்டுக்க."

"சரிம்மா" என்று சிரித்தான். துணிக்காரி சொன்ன அதே சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் கோசி வீடியோ போட்டான். சங்கத்துப் பெண்கள் கறுப்புத் துணியோடு வந்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். பழி தீர்க்க அத்தனை பேருக்கும் ஒஹா கீரைக் குழம்பு ஆக்கிப்போட வைத்தார்கள். பெட்டியில் படுத்தேன். ஒரே ஷாட்டில் ஓகே. அந்தப் படம் ஓடியது, நான் அதில் மூச்சு விடாமல் கிடந்ததைப் பலரும் பாராட்டினார்கள். கோசி இப்போதும் அவ்வப்போது வந்து என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே தின்றுவிட்டுப் போகிறான்.

டோபே ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். பேத்தி பிறந்திருக்கிறாள், போனில் பார்த்தேன். வருவாயா என்று நான் அவனிடம் கேட்பதில்லை. எப்போது வருவான் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருவான், பாலத்தைத் தாண்டி ஊருக்கு வருவான், பங்காளிகள் எழுந்து வழிவிடுவார்கள், ஊரே திரண்டு அவனைப் பார்க்கும். நான் பார்க்க மாட்டேன்.